சோளகம் அண்ணையும் வள்ளத்து வாளியும்

லண்டன் மாநகரத்தில் காற்றைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சோளகம் அண்ணை. மற்றவர்கள் காலையில் எழும்பினால் நேரம் பார்ப்பார்கள், அல்லது சாமி கும்பிடுவார்கள். இவர் காதுமடலில் எச்சிலைத் தொட்டு வைத்து, ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி அப்படியும் இப்படியும் திருப்புவார். பிறகு வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "சோளகம்" என்று அறிவிப்பார். அதற்குப் பிறகுதான் பல் தீட்டப் போவார்.

எண்பதுகளின் கடைசி. அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில், அறைக்கு இரண்டு பேராக நாங்கள் சில பொடியன்கள் இருந்தோம். வீட்டிலே வயதில் மூத்தவர் அவர்தான். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று சோளகம், வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கென்றால் கச்சான், கிழக்கென்றால் கொண்டல். லண்டனில் பெரும்பாலான நாட்கள் தென்மேற்குக் காற்றுத்தான். ஆகவே அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் ஹோம் ஒஃபீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற கம்பத்தின் உச்சியில் தான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தார். காற்றின் திசை பார்க்கத்தான். பக்கத்து வீட்டு டொறீன் என்ற வெள்ளைக்காரக் கிழவி அதை ஏதோ இயக்கத்துக் கொடி என்று நினைத்து ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு நிலைமை தலைகீழானது. தினமும் காலையில் ஈர உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலுக்கு மேலால் எட்டி, இன்றைக்கு என்ன என்று கேட்பாள். சோளகம் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் மழை வரும், பார்த்துப் போடவேண்டும். வாடை என்றால் துணிந்து போடலாம். சில மாதங்களில் அந்தக் கிழவி "வாடை, வாடை" என்று சொல்லிக்கொண்டே உடுப்புக் கொடிக்குப் போவதைக் கேட்க எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவரோடு குடியிருப்பது லேசான காரியமில்லை. மறுபக்கத்து வீட்டுக்காரன் மீன் மணத்தைப் பற்றி கவுன்சிலுக்கு முறையிடப் போவதாகச் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து மீன் பொரிக்கும் உத்தரவு சோளகம் அண்ணையின் கைக்குப் போய்விட்டது. மணம் ரயில்பாதைப் பக்கம் போகிற காற்று அடித்தால் மட்டும்தான் தாச்சி அடுப்பில் ஏறலாம். ஒருமுறை காற்றுத் திரும்பவே இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் மீன் காத்துக் கிடந்தது. நாங்கள் மத்தியானம் பருப்பும் இரவு அதே பருப்பும் சாப்பிட்டு, ஆளை ஆள் முறைத்துக்கொண்டு திரிந்தோம். ஒருநாள் பின்னேரம் வளவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கொண்டல் வந்திட்டுது. கெதியா அடுப்பைப் பத்த வையுங்கோ."

யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்காமல் மணிக்கணக்காக டயல் பண்ணிக்கொண்டிருந்தவன் போனை வைத்துவிட்டு மீன் வெட்ட ஓடினான். லைன் கிடைத்த சத்தம் கேட்ட பிறகும் வைத்துவிட்டுத்தான் ஓடினான் என்று பிறகு ஒருவன் சொன்னான். நான் அதை நம்புகிறேன்.

அவருக்கு வேலை, கொஞ்சம் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில். கார் நிறுத்துகிற வெளியில் சனங்கள் விட்டுவிட்டுப் போகிற தள்ளுவண்டிகளைச் சேர்த்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, ரயில் மாதிரி நீளமாக்கிக் கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அவரோடு அதே வேலையைச் செய்தவன் பற்றிக் என்ற அயர்லாந்துக்காரன். சிவந்த முகம், பெரிய கை, வாய் திறக்காத மனிதன். தள்ளுவண்டிகளைத் தள்ளி முதுகு கெட்டுப்போனவன் என்று அண்ணை அவன்மேல் நல்ல இரக்கம் வைத்திருந்தார்.

அந்த இரக்கத்தினால் ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல சோளகம் அடித்த நாள். தள்ளுவண்டி ரயிலின் பின்னால் நின்று, கம்பெனி கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். காற்று கோட்டுக்குள் புகுந்தது. ரயில் தானாகவே உருளத் தொடங்கியது. பற்றிக் வாய் பிளந்து பார்த்தான். ஒரு பிழை மட்டும் நடந்தது. புறப்படுத்துவது எப்படி என்று யோசித்தவர் நிற்பாட்டுவது எப்படி என்று யோசிக்கவில்லை. வண்டிகள் வாசலைத் தாண்டிப் போய் மானேஜரின் காரில் தட்டி நின்றன.

சில்லு ஒன்று கழன்றுவிட்டது, பிழை தன்னுடையது என்று மானேஜரிடம் சொல்லி, பற்றிக்தான் பழியை ஏற்றுக்கொண்டான். பிறகு இருவரும் தேநீர் குடிக்கிற நேரத்தில், மெதுவாக, நீங்கள் கடலில் வேலை செய்தவரா என்று கேட்டான். மானம் காத்தவனுக்கு இல்லை என்று சொல்ல அண்ணைக்கு மனம் வரவில்லை.

"ஓம்" என்றார்.

பற்றிக்குக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல் தெரியும். கப்டனா என்று அடுத்துக் கேட்டான். முதல் ஓம் போட்டவருக்கு இரண்டாவது ஓமில் என்ன கஷ்டம். அதையும் போட்டார்.

உண்மையைச் சொல்ல இந்த லண்டனிலேயே தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான். அவரும் நானும் வடமராட்சிக் கரையில் ஒரே ஊர். கடலுக்கும் அவருடைய கடைக்கும் இடையில் ஒரு ரோட்டுத்தான். ஆனால் அது சைக்கிள் கடை. வருஷம் முழுக்க ஒட்டுப் போடுவார், தைப்பொங்கல் வந்தால் பட்டம் கட்டுவார். காற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பட்டம் ஏற்றிப் பழகியதுதான். வாழ்நாளில் கடலில் காலை வைத்தது ஒரேயொரு முறை. நயினாதீவுத் திருவிழாவுக்கு லோஞ்சில் போனோம். நான் சின்னப் பொடியன். பக்கத்தில் இருந்த சோளகம் அண்ணை, என்னுடைய அம்மாவின் குடையைக் கேட்டு வாங்கி, விரித்து, கவிழ்த்துப் பிடித்து, குமட்டிக் குமட்டி அதற்குள் சத்தி எடுத்தார். போகும்போதும் எடுத்தார், வரும்போதும் எடுத்தார். அம்மா அந்தக் குடையைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

அப்படிப்பட்டவர் பார்க்கிங்கில் கப்டன் ஆகிவிட்டார். பற்றிக் அந்த ரகசியத்தைப் பத்திரமாக மனதுக்குள் வைத்திருந்தான். இரண்டு மூன்று வருஷம் போனது. தொண்ணூறுகள் பிறந்தன. ஒருநாள் பற்றிக் எங்கள் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குசினியில் உட்கார்ந்தான்.

அவனுடைய ஊர் அயர்லாந்தின் தெற்குக் கரையில் ஒரு சின்னத் துறை. பெயரை எழுதினால் ஒரு மாதிரியும் வாசித்தால் இன்னொரு மாதிரியும் இருக்கும், ஆகவே விட்டுவிடுகிறேன். ஒரு தேவாலயம், சில வீடுகள், துறைக்குள் பாய்வள்ளங்கள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆகஸ்ட்டும் வள்ளப் போட்டி நடக்கும். வெளியே கடலில் மிதக்கிற சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். வந்தால் கரையில் நிற்கிற ஒருவர் கொம்பு ஊதுவார். முதலாவதாக வந்தாலும் சரி, கடைசியாக வந்தாலும் சரி, கொம்பு ஊதினால் அந்த வள்ளத்துக்குத் துறைக்குள் கட்டுகிற இடம் நிச்சயம். தொடர்ந்து மூன்று ஆகஸ்ட் கொம்பு இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

பற்றிக்கின் தகப்பன் இறந்து இரண்டு ஆகஸ்ட் போய்விட்டன. வள்ளம் அசையாமல் கட்டியபடி கிடக்கிறது. இது மூன்றாவது. டப்ளினிலிருந்து ஒரு பல் வைத்தியர் புது வெள்ளை வள்ளத்தோடு அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார். தாய் தனிய இருக்கிறா. கப்டன் வந்து ஒருமுறை ஓட்டித் தரவேண்டும், வள்ளத்துக்கு மூன்று பேர் வேண்டும், இந்தத் தம்பியும் வரட்டும் என்று கேட்டுவிட்டு, பற்றிக் தொப்பியைத் திருகினான்.

அவன் போன பிறகு நான் அண்ணையைப் பிடித்தேன். இனியாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொல்லுவம். கட்டாயம் சொல்லுவம். பாவம், தாய்மனிசியைப் பாக்க இத்தனை வருசமாப் போகாதவன். நான் ஏலாதெண்டா உவன் போகவே மாட்டான். அங்கை கொண்டுபோய் விட்டிட்டுச் சொல்லுவம்."

எனக்கு நீந்தத் தெரியாது என்றும் சொல்லிப் பார்த்தேன். வள்ளத்துக்கு உள்ளேதானே இருக்கப் போகிறாய், நீச்சல் எதற்கு என்று கேட்டார். விசா எடுக்க அயர்லாந்துத் தூதரகத்துக்குப் போனபோது, என்ன நோக்கத்துக்குப் போகிறீர்கள் என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். பாய்வள்ளப் போட்டி என்றோம். அவள் எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இப்படியொரு பொய்யை யாரும் யோசித்துச் சொல்லமுடியாது என்று நம்பித்தான் விசாத் தந்திருப்பாள்.

வேல்ஸ் வரைக்கும் கோச். அங்கிருந்து கப்பல். கப்பல் நகர்ந்த அந்தக் கணமே எங்கள் கப்டன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அக்கரை வரும்வரைக்கும் வெளியே வரவில்லை. பற்றிக் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். நல்லகாலம், பற்றிக்கையும் காணவில்லை. பாரில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பற்றிக்கின் தாய் வாசலில் நின்றா. சின்ன உருவம், ஏப்ரன் கட்டியிருந்தா. மகனைக் கட்டிப்பிடிக்கவில்லை, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி மெலிந்துபோனாய் என்று சொன்னா. எங்கள் அம்மாமார் சொல்வதையே சொல்கிறாவே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கப்டனுக்கு மரியாதை தூள் பறந்தது. மீன் பொரித்துக் கொடுத்தா. அண்ணை எழும்பிப்போய் முதலில் ஜன்னலைத் திறந்து காற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அதைக் கண்ட பற்றிக் பெருமையோடு தாயைப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த மனுசி அலுமாரியைத் திறந்து, இறந்துபோன கணவனின் கருநீலக் கம்பளிச் சட்டையை எடுத்து அண்ணையின் தோளில் வைத்து அளவு பார்த்தா.

நான் மேசைக்குக் கீழால் அவரின் காலில் உதைத்தேன். சொல்லுங்கள் என்று அர்த்தம். அவர் தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா எங்களைக் குசினி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. கோப்பை கழுவுகிற தொட்டிக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே துறை. அதிலே பச்சை நிறத்தில் ஒரு பழைய வள்ளம் கட்டியிருந்தது. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் கோப்பை கழுவுகிறேன் என்றா. அந்த இடத்தில் பல் வைத்தியரின் வள்ளம் வந்தால் இந்த ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுவேன் என்றா. அழவில்லை, ஒரு செய்தியாகத்தான் சொன்னா.

அண்ணை செருமிய தொண்டையோடு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்லுவம் தம்பி" என்றார்.

நாளைக்கும் வந்தது. துறை முழுக்கக் கொடிகள். கூடாரத்துக்குள் கேக்கும் தேநீரும். சின்னப் பிள்ளைகளிலிருந்து பாதிரியார் வரைக்கும் எங்களைத்தான் பார்த்தார்கள். சோளகம் அண்ணை கம்பளிச் சட்டையோடு இறங்கினார். அது முழங்கால் வரைக்கும் வந்தது. தன்னுடைய சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பாய்மரத்துக் கயிற்றில் கட்டியதும் கரையில் கைதட்டினார்கள்.

பற்றிக் பாயின் கயிற்றை எடுத்து அண்ணையின் கையில் மரியாதையாக வைத்தான். இனி உங்கள் பாடு கப்டன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றான். அண்ணை அதைப் பணிவு என்று நினைத்துச் சிரித்தார். பற்றிக் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னான். சின்ன வயதில் தகப்பன் ஒருமுறை போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். துறை முழுக்கப் பார்க்க அவன் சத்தி எடுத்தானாம். துறையிலேயே பெரிய வள்ளக்காரனின் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று பொடியன்கள் பள்ளிக்கூடம் முடியும்வரைக்கும் பழித்தார்களாம். பதினாறு வயதில் ஒருவருக்கும் சொல்லாமல் லண்டனுக்குக் கப்பல் ஏறியது அதனால்தானாம். நேற்றுக் கப்பலிலும் கழிப்பறைக்குள்தான் இருந்தானாம்.

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உவனுக்கு வள்ளம் ஓட்டத் தெரியாதாம்."

"உங்களுக்கும் தெரியாதே அண்ணை."

"அதை ஏன் இப்ப சொல்லுறாய்."

கரையில் கொம்பு ஊதியது. போட்டி தொடங்கிவிட்டது. யாரோ எங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு வள்ளத்தைக் காலால் தள்ளினார்கள். இனி ஒளிக்க முடியாது என்று அண்ணைக்கு விளங்கிவிட்டது. பற்றிக்கின் தோளில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த அவ்வளவு ஆங்கிலத்தையும் திரட்டி உண்மையைச் சொன்னார்.

"பற்றிக், மீ நோ கப்டன். மீ சைக்கிள் ஷொப்."

பற்றிக் அவரைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முதல் அலை வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்தினார்கள்.

சுக்கான் தடியைப் பிடித்து உட்காருகிற பலகைக்குக் கீழே ஒரு பழைய தகர வாளி இருந்தது. நீளமில்லாத கட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்து எடுக்கலாம் என்று பார்த்தேன், முடிச்சு அசையவில்லை. ஆகவே இரண்டு பேரும் மாறி மாறி அந்தப் பலகைக்குக் கீழே தலையை விடவேண்டியிருந்தது. அந்த நிலையிலும் அண்ணை மரியாதையை விடவில்லை, நீ முதலில், நீ முதலில் என்று கையைக் காட்டினார்.

மற்ற வள்ளங்கள் மிதவையைச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தன. நாங்கள் துறைவாசலைக்கூடத் தாண்டவில்லை. எங்கள் பாய் மேலே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, வள்ளம் நின்ற இடத்தில் சுற்றியது. பல் வைத்தியர் பக்கத்தால் போகும்போது நல்ல மனதோடு, கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். இழுத்தால் கொம்பு இல்லை என்று பற்றிக் வாளிக்குள்ளிருந்து சொன்னான்.

"வேண்டாமெண்டு சொல்லு. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை எண்டு சொல்லு" என்றார் அண்ணை.

சொன்னேன். பல் வைத்தியர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டுப் போனார்.

அண்ணை மல்லாந்து படுத்துவிட்டார். எல்லாம் முடிந்தது, அந்தத் தாயின் முகத்தில் எப்படி முழிப்பது என்று புலம்பிக்கொண்டு கிடந்தார். அப்படிக் கிடந்தவரின் கண் பாயில் விழுந்தது. படபட என்ற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி உட்கார்ந்தார்.

"முச்சை பிழை" என்றார்.

முச்சை என்பது பட்டத்தின் நெஞ்சில் கட்டுகிற கயிறு. அது சரியாக இல்லையென்றால் பட்டம் ஏறாது, நின்ற இடத்தில் அடித்துக்கொள்ளும். இது படுத்துக் கிடக்கிற பெரிய பட்டம்தானடா, நான் இவ்வளவு நேரமும் கடலையல்லோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைத்தானே திட்டினார். கயிற்றைக் கையில் சுற்றினார். பாய்மரத்துக் கயிற்றில் பறந்த சாரத்துண்டை ஒருமுறை பார்த்தார். இழுத்தார், இளக்கினார், மறுபடி இழுத்தார். பாய் ஒரு சத்தத்தோடு நிறைந்தது. வள்ளம் சரிந்துகொண்டு ஓடத் தொடங்கியது. நான் ஊரிலுள்ள அத்தனை பிள்ளையாரையும் கூப்பிட்டேன்.

சுக்கானுக்குப் பற்றிக். அவன் பிடித்ததில்லையே தவிர, தகப்பன் பிடிப்பதைத் தாயோடு அந்தக் குசினி ஜன்னலில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்தவன். தடியை எந்தப் பக்கம் தள்ளினால் வள்ளம் எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்படியாக ஒருவர் பட்டம் ஏற்ற, மற்றவன் ஜன்னலை நினைத்துத் தடியைத் தள்ள, இடையிடையே இருவரும் வாளிக்குள் குனிய, நாங்கள் கடலுக்குப் போனோம். எனக்கு இருந்த ஒரே வேலை, வள்ளம் திரும்பும்போதெல்லாம் பாயின் அடிமரத்தால் தலையில் அடி வாங்குவது. அதைக் குறையில்லாமல் செய்தேன்.

முதல் தரம் மிதவையைத் தவறவிட்டோம். இரண்டாம் தரம் சுற்றிவிட்டோம். திரும்பி வரும் வழியில் காற்று விழுந்துவிட்டது. அண்ணையின் முகமும் விழுந்துவிட்டது. சாரத்துண்டைப் பார்த்து, "என்னடா சோளகம், இத்தனை வருசம் உன்னைக் கும்பிட்டன், இண்டைக்கு மானத்தை வாங்காதை" என்று கெஞ்சத் தொடங்கினார். பற்றிக் அதைப் பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினான். வெயில் சாய்கிற நேரத்தில் சாரத்துண்டு மெல்ல அசைந்தது. நாங்கள் ஊர்ந்து ஊர்ந்து துறையை நெருங்கினோம்.

கரையில் ஆள் இல்லை. கூடாரத்தை மடித்துவிட்டார்கள். கொடிகளைக் கழற்றிவிட்டார்கள். கொம்பு ஊதுகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர், அவர் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. கொம்பு ஊதாவிட்டால் மிதவையைச் சுற்றியது கணக்கில்லை. பற்றிக் தடியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வந்தும் வராத மாதிரி ஆகிவிட்டது.

அப்போது கொம்புச் சத்தம் கேட்டது. நீளமாக, கோபமாக ஊதினார்கள். நிமிர்ந்து பார்த்தால் கரையில் அந்தத் தபால்காரர், கழுத்தில் சாப்பாட்டுத் துவாயோடு நிற்கிறார். அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடி பக்கத்தில் பற்றிக்கின் தாய். குசினி ஜன்னலில் எங்களைக் கண்டவுடன் ஏப்ரனோடு அவர் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறா. ஒருமுறை ஊதியது போதாது என்று இன்னொருமுறையும் ஊத வைத்தா.

வள்ளத்தைக் கட்டினோம். பற்றிக் எப்படியோ அந்த முடிச்சை அவிழ்த்து, வாளியைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு படி ஏறினான். தாய் அதைக் கண்டுவிட்டா. கையை நீட்டி வாளியை வாங்கினா. கடலில் ஊற்றினா. குனிந்து அள்ளி ஒரு சுழற்றுச் சுழற்றிக் கழுவினா. அந்தக் கை அதில் நன்றாகப் பழகிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

இது உன் அப்பாவின் வாளி என்றா. ஒவ்வொரு முறை போகும்போதும் இதற்குள்தான் சத்தி எடுப்பார், ஒரு நாளாவது எடுக்காமல் வந்ததில்லை, துறையில் ஒருவருக்கும் தெரியாது, இருட்டுப்பட்ட பிறகு நான்தான் கழுவுவேன் என்றா.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று பற்றிக் கேட்டான். குரல் சின்னப் பொடியனின் குரல் மாதிரி இருந்தது.

"அவரே சொல்லட்டும் என்று விட்டேன். அவர் சொல்வதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கப்பல் ஏறிவிட்டாய்."

பற்றிக் கயிறு கட்டுகிற கட்டையில் உட்கார்ந்து, பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. சோளகம் அண்ணை முழங்கால்வரை தொங்கிய கம்பளிச் சட்டையோடு போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய முதுகைத் தடவிச் சொன்னார்.

"ஓல் கப்டன் வொமிற், பற்றிக். ஓல் கப்டன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்ட்டும் இரண்டு பேரும் போனார்கள். நான் என் தலையை நினைத்து விலகிக்கொண்டேன், தபால்காரரின் பேரன் என் இடத்தில் அடி வாங்கினான். எல்லா வருஷமும் கடைசியாகத்தான் வந்தார்கள். தபால்காரர் பிற்பாடு ஒரு கதிரையும் ஃப்ளாஸ்க் நிறையத் தேநீரும் கொண்டுவந்து உட்கார்ந்துவிடுவாராம். குசினி ஜன்னலுக்குத் திரை வரவில்லை. பல் வைத்தியருக்கு வேறொரு இடம் கிடைத்தது, அவர் வீட்டுக்கு அண்ணை ஒருமுறை பல் காட்டப் போய் இலவசமாகப் பிடுங்கிக்கொண்டும் வந்தார்.

பிறகு அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர் பார்க்கிங்கில் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அன்று மாலையே காற்றைக் கேட்காமல் மீன் பொரித்தோம். ஏனோ அதில் அவ்வளவு ருசி இருக்கவில்லை. கம்பத்தில் அவர் கட்டிய சாரத்துண்டு மழையிலும் வெயிலிலும் நைந்து நூலாகிப் போனது. ஒருநாள் அதைக் காணவில்லை. நான் என்னுடைய புதுச் சாரத்தைக் கிழித்து அந்த இடத்தில் கட்டினேன். அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் டொறீன் கூடையோடு எட்டிப் பார்த்து, இன்றைக்கு என்ன என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும். பொறு என்று சொல்லிவிட்டு உள்ளே போய் பார்க்கிங்குக்குப் போன் எடுத்தேன்.

"பொறு தம்பி, ஜன்னலைத் திறக்கிறன்" என்றார். ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் உயர்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அவருடைய காதில் படுகிற காற்று என் காதிலும் பட்டது.

"வாடை. துணிஞ்சு போடச் சொல்லு."

அன்றிலிருந்து நாள் தவறாமல் காலையில் அவருக்குப் போன் எடுத்துக் காற்றுக் கேட்டேன். டொறீனிடம் துவைக்க உடுப்பு இல்லாத நாட்களிலும் கேட்டேன்.